குணமாக்குபவரின் காயத்தைக் கட்டுபவர் யார்?

ஹென்றி நௌவென் எழுதி 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ஊண்டெட் ஹீலர்' என்னும் சிறுநூலின் தலைப்பு, அந்நூலைவிட நெடுந்தொலைவு பயணம் செய்துவிட்டது. 'காயமுற்ற குணமாக்குநர்' என நாம் அதனைத் தமிழில் வழங்குகிறோம். மேய்ப்புப்பணி வகுப்பில் இச்சொற்றொடரைக் கேட்கும் மாணவர், அடுத்த திங்களில் அருளுரையிலும், அதற்கடுத்த ஆண்டில் குருத்துவ நேர்காணலிலும் அதனைக் கையாளுகிறார். அழகிய தொடர்தான். ஆயினும் கைமாறிக் கைமாறி வருகையில் அதன் பொருள் தேய்ந்து, வேறொரு பொருள் ஏறியிருப்பதைக் காண்கிறோம். காயமுற்றவரும் குணமாக்கலாம் என்பது முதற்பொருள். காயமுற்றவரே குணமாக்க வல்லார் என்பது அடுத்தது. காயமே குணமாக்கும் என்பது இன்று வழங்கும் பொருள். இம்மூன்றாம் பொருளை நம்பும் ஆயர், உறக்கமின்மையையும் எரிச்சலையும் உள்ளத்தின் வெறுமையையும் தம் பணியின் முத்திரைகளெனக் கொண்டு, எவரிடமும் செல்லாமல் இருந்துவிடுகிறார். அவரிடம் ஆறுதல் தேடி வருபவரோ, ஆயரின் சுமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்.

எனவே அத்தொடரை உரைத்துப் பார்ப்பது நலம் எனக் கருதுகிறோம். உள்ளங்களைக் குணமாக்கும் தொழிலில் இருந்தோர், தம் சொந்த வாழ்வில் இறுக்கமும் தளர்ச்சியும் வந்தபோது என்ன செய்தனர்? யாரிடம் சென்றனர்? இவ்வினாவுக்கு அவர்களே எழுதிவைத்த விடைகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றை இங்கு மதிப்பிடுவோம். இவர்கள் நமக்கு அந்நியரும் அல்லர். மருத்துவமனையில் இறையியல் மாணவரைப் பயிற்றும் முறைக்கு வித்திட்ட அன்டன் பாய்சன், தம்மை நாடி வருபவரையே மையமாகக் கொண்ட ஆற்றுப்படுத்தும் முறையின் தந்தையான கார்ல் ரோஜர்ஸ், இருத்தலியல் உளமருத்துவத்தை அமெரிக்காவில் வேரூன்றச் செய்த ரோலோ மே ஆகிய மூவரும் நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்றவர்கள். பாய்சன் 1911இல் பட்டம் பெற்றார். ரோஜர்ஸ் 1924இல் சேர்ந்து, இரண்டாண்டுகளில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரிக்கு மாறிச் சென்றார். மே 1938இல் பட்டம் பெற்றுச் சிறிது காலம் சபை ஆயராகவும் இருந்தார். உளமருத்துவரின் துயரைப் பேசுவது ஒரு வகையில் நம் குடும்பக் கதையைப் பேசுவதே ஆகும்.

சிக்மண்ட் பிராய்டிலிருந்து தொடங்குவோம். 1937இல், முதுமையிலும் நோயிலும், அவர் வெளியிட்ட கட்டுரையொன்று உளப்பகுப்பாய்வு முடிவுள்ளதா முடிவற்றதா என்று வினவுகிறது. கல்வி புகட்டல், ஆட்சி செலுத்தல் ஆகிய இரண்டோடு பகுப்பாய்வையும் சேர்த்து, நிறைவான பலனை எதிர்பார்க்க இயலாத தொழில்கள் இவை மூன்று என்கிறார். எக்ஸ்-கதிர்களைப் பாதுகாப்பின்றிக் கையாளும் மருத்துவருக்கு நேரும் தீங்கு போன்றதொன்று, பிறருடைய அடக்கப்பட்ட வேட்கைகளோடு நாள்தோறும் பழகும் பகுப்பாய்வாளருக்கும் நேரக்கூடும் என எச்சரிக்கிறார். அதற்கு அவர் கூறும் வழி இது: ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பகுப்பாய்வாளர் தாமே மீண்டும் நோயாளியின் கட்டிலில் படுக்க வேண்டும்; அதற்கு நாணவும் கூடாது. சிறந்த அறிவுரை. ஆனால் பிராய்டு அக்கட்டிலில் படுத்ததே இல்லை. 1896இல் தந்தை இறந்தபின் அவர் தம்மைத் தாமே ஆய்ந்தார். அதற்கும் பெர்லினில் இருந்த நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதங்களே துணையாயின. 1897 நவம்பரில் அந்நண்பருக்கே எழுதுகையில், உண்மையான தன்னாய்வு இயலாத ஒன்று, இயலுமாயின் உலகில் இந்நோயே இராது என்று ஒப்புக்கொள்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதும் இதுவே. இயக்கத்தின் தலைவர் இயக்கத்தில் யாரிடம் செல்வது? இவ்வினாவைப் பிராய்டு எழுப்பவில்லை. ஆயர்களும் பேராயர்களும் எழுப்பிக்கொள்ளத் தக்க வினா அது.

இனி நியூயார்க்கிற்குச் செல்வோம். நாசி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்து அங்கு உளமருத்துவரான ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர், பகலெல்லாம் தம் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் ஏழை இளைஞருக்கும் போதைப் பழக்கத்திற்கு ஆளானோருக்குமான இலவச மருத்துவ நிலையத்தில் நள்ளிரவுவரை உழைத்தவர். அத்தகைய நிலையங்களின் ஊழியர் ஒருவர்பின் ஒருவராகச் சோர்ந்து விழுவதைக் கண்டு, 1974இல் 'பர்ன் அவுட்' என்னும் சொல்லைக் கட்டுரைத் தலைப்பாக்கினார். எரிந்து தீர்ந்துபோதல் என்று நாம் சொல்லலாம். நீங்காத சளி, தலைவலி, உறக்கமின்மை, சட்டென வரும் சினம், பிறரெல்லாம் தமக்கு எதிராகச் செயல்படுகின்றனர் என்னும் ஐயம், நீண்ட நேரம் பணியிடத்திலேயே இருந்தும் வேலை நடவாமை என அவர் தரும் அடையாளங்களைப் படிக்கும் எந்த ஆயரும் புன்னகை செய்யாமல் இருக்கமாட்டார். சோம்பேறிகள் இதற்கு ஆளாவதில்லை, ஈடுபாடு மிக்கவரே ஆளாகின்றனர் என்பது அவர் முடிவு.

பிராய்டன்பர்கர் தம் கதையையும் சொல்கிறார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்படவேண்டிய நாளில் படுக்கையைவிட்டு எழ இயலாமற்போயிற்று. பின்னர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு தாமே பேசிப் பதிவு செய்தார். தம் நோயாளி ஒருவரின் பேச்சைக் கேட்பதுபோல அதனைத் திரும்பக் கேட்டார். அக்குரலில் இருந்த களைப்பும் சினமும் அவருக்கே அதிர்ச்சியளித்தன. இதனைச் சாமர்த்தியமான முறையென்று பாராட்டுவோர் உளர். நமக்கோ அக்காட்சி துயரமாகவே படுகிறது. நகரெங்கும் உளமருத்துவர்கள் நிறைந்திருக்க, இரவும் பகலும் பிறர் பேச்சைக் கேட்ட ஒருவருக்குத் தம் பேச்சைக் கேட்க ஒரு கருவிதான் கிடைத்ததா? நோய் இன்னதென்று அறிய அக்கருவி உதவியிருக்கலாம். அறிந்தபின் தோளில் கை வைக்க அதனால் ஆகாது.

பெர்க்லியிலிருந்து எழுதிய சமூக உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இச்சிந்தனையை வேறு திசையில் கொண்டு சென்றார். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் அவர் வெளியிட்ட அளவுகோல், உணர்ச்சி வறட்சி, எதிரில் இருப்பவரை ஆளாக மதியாமை, தம் பணியால் பயனில்லை என்னும் எண்ணம் என மூன்றைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவதைக் கவனிக்கவேண்டும். எரிந்துபோனவர் துன்புறுவதோடு நில்லாமல் துன்புறுத்தவும் தொடங்குகிறார் என்பதே அதன் பொருள். மேலும், வெள்ளரிக்காய் ஏன் புளித்தது என்று காயின் குணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தால் போதாது, அது ஊறிய காடிப் பீப்பாயையும் பாருங்கள் என்று மாஸ்லாக் நகைச்சுவையோடு கூறுவது இன்றும் பொருந்தும். உலகச் சுகாதார அமைப்பும் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதனைப் பணிசார்ந்த நிலையென்று வகைப்படுத்தி, தனிமனிதரின் நோய்களோடு சேர்க்காமல் நிறுத்தியது.

இதற்குப் பின்னரும், தனிமனிதர் தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் வழிகளைக் கூறும் நூல்கள் பெருகின. அவற்றுள் தரமானது, ஜான் நார்கிராஸும் ஜேம்ஸ் கையும் எழுதி 2007இல் வெளிவந்த 'லீவிங் இட் அட் தி ஆபீஸ்'. பணியின் பாரத்தைப் பணியகத்திலேயே விட்டுவருதல் என்பது தலைப்பின் கருத்து. ஆய்வுகளைக் கற்றுத் தெளிந்து எழுதப்பட்ட நூல். பணியிடச் சூழலையும் அது மறக்கவில்லை. ஆயினும் இவ்வகை நூல்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது, களைத்தவர் தலையில் மேலும் ஒரு வேலைப் பட்டியல் ஏற்றப்படுவதாகவே நமக்குத் தோன்றுகிறது. நடக்கவேண்டும், உறங்கவேண்டும், எல்லை வகுக்கவேண்டும், அதையும் கிரமமாகச் செய்யவேண்டும்! அன்றியும், பணியகமும் இல்லமும் ஒரே மதிலுக்குள் இருக்கும் ஆயரில்லத்தில் எதனை எங்கே விட்டுவருவது என்பதை அந்நூலாசிரியர்கள் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை.

கார்ல் ரோஜர்ஸின் கதை இவற்றைவிட ஆழமானது. 1949க்கும் 1951க்கும் இடைப்பட்ட காலம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய ஆற்றுப்படுத்தும் நிலையம் புகழின் உச்சியில் இருந்தது. கடும் மனநோயுற்ற பெண்மணி ஒருவரோடு நீண்ட நாள் பழகிவந்த ரோஜர்ஸ், அவருடைய உள்ளம் எங்கே முடிகிறது, தம் உள்ளம் எங்கே தொடங்குகிறது என்று அறியாத நிலையை அடைந்தார். தாம் விலகினால் அப்பெண்மணிக்குத் தீங்கு நேரும் என்ற அச்சத்தால் விலகவும் துணியவில்லை. இறுதியில் ஒருநாள் இளம் மனநல மருத்துவர் ஒருவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, வீடு சென்று, உடனே ஊரைவிட்டுச் செல்லவேண்டும் என்று மனைவி ஹெலனிடம் கூறினார். ஒரு மணி நேரத்திற்குள் இருவரும் காரில் புறப்பட்டுவிட்டனர். திரும்பி வர இரண்டு மூன்று திங்கள் ஆயிற்று. வந்த பின்னரும் தாம் உளமருத்துவராக இருக்கத் தகுதியற்றவர், மனிதராகவே மதிப்பற்றவர் என்ற எண்ணம் அகலவில்லை. அப்போது, அவர் பயிற்றுவித்த குழுவைச் சேர்ந்த ஒருவரே முன்வந்து உதவ, ஆசிரியர் தம் மாணவர் முன் நோயாளியாக அமர்ந்தார்.

1967இல் வெளியான தன்வரலாற்றுக் கட்டுரையில் ரோஜர்ஸ் இதனைச் சொல்லும் முறை நேர்மையானது. தாம் செய்வதைப் பிறர் விரும்பலாம், தம்மை விரும்ப எவராலும் இயலாது என்று தாம் நெடுநாள் எண்ணியிருந்ததை அங்கு எழுதுகிறார். நிபந்தனையற்ற ஏற்பு என்னும் கொள்கையை உலகிற்குக் கற்பித்தவர் அவர். அதனைப் பிறருக்கு வழங்கிய ஆண்டுகளில் அவரே அதனைப் பெற்றதில்லை! அருளால் மீட்பு என்று ஞாயிறுதோறும் அறிவித்துவிட்டு, திங்கள் முதல் சனிவரை உழைப்பால் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளும் நமக்கு இது அறியாத செய்தியன்று. அதே வேளையில், இவ்வரலாற்றில் நம்மை உறுத்தும் பகுதி ஒன்றுண்டு. ஒப்படைக்கப்பட்ட அந்நேரத்திலேயே அப்பெண்மணியின் நோய் முற்றி வெளிப்பட்டது என்று ரோஜர்ஸே கூறுகிறார். கூறிய மறுகணம் கதை அவருடைய பயணத்திற்குத் திரும்பிவிடுகிறது. உளமருத்துவரின் துயரைப் பேசும் எழுத்துக்களில் நோயாளி இவ்வாறு மேடையைவிட்டு இறங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயரின் களைப்பைப் பற்றி அனுதாபத்தோடு பேசும்போது, அக்களைப்பின் செலவை யார் செலுத்துகின்றனர் என்று கேளாமல் இருப்பதற்கில்லை.

இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்டவர் லண்டன் குழந்தை மருத்துவரும் பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட். 1947இல் வாசித்து 1949இல் அச்சேறிய கட்டுரையில், மருத்துவருக்குத் தம் நோயாளிமீது வெறுப்பு உண்டாவது இயற்கை, அதனை அறியாதிருப்பதே ஆபத்து என்கிறார். போர்க்காலத்தில் ஓடிப்போகும் வழக்கமுடைய ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவரும் அவர் மனைவியும் மூன்று திங்கள் தம் வீட்டில் வைத்துக்கொண்டனர். சிறுவன் கட்டுக்கடங்காமற்போகும் நேரங்களில் வினிகாட் அவனை அடிக்கவில்லை. தூக்கிச் சென்று வாசலுக்கு வெளியே விட்டார். அங்கு ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படமாட்டாது. வெளியே விடும் ஒவ்வொரு முறையும், நீ செய்தது என்னை உன்மீது வெறுப்புக்கொள்ளச் செய்கிறது என்பதை அவனிடமே சொல்லிவிடுவார். சொன்னதனால்தான் அவனை அடிக்காமலும் அனுப்பிவிடாமலும் தம்மால் இருக்க முடிந்தது என்பது அவர் வாதம். சபையாரில் எவர்மீதும் தமக்கு வெறுப்பில்லை என்று சொல்லும் ஆயரை நாம் நம்புவதற்கில்லை. அவ்வெறுப்பு அருளுரையின் இரண்டாம் பகுதியில் எங்கேனும் தலைகாட்டும். மோசேயோ இம்மக்களையெல்லாம் கருத்தரித்தவன் நானா என்று கடவுளிடமே வெளிப்படையாக முறையிட்டவர் (எண்ணாகமம் 11).

இப்போது நௌவெனின் நூலுக்கு வருவோம். நெதர்லாந்தில் பிறந்து கத்தோலிக்கக் குருவாகி, கான்சஸ் மாநிலத்தின் மெனிங்கர் நிறுவனத்தில் உளவியல் பயிற்சியும் பெற்று, யேல் இறையியல் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்த மறு ஆண்டில் அவர் அதனை வெளியிட்டார். வயது 40. நூலின் உச்சம் இறுதி அதிகாரத்தில் வரும் தல்மூது கதை. மேசியா எங்கே என்று ரபி யோசுவா பென் லேவி எலியாவிடம் கேட்கிறார். நகர வாயிலில், புண்பட்ட ஏழைகள் நடுவே அமர்ந்திருக்கிறார் என்பது விடை. மற்றவர்கள் தம் புண்களின் கட்டுகளையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துப் பின் கட்டுகின்றனர். மேசியா மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டுகிறார். அழைப்பு வந்தால் தாமதமின்றி எழுந்து செல்லவேண்டுமல்லவா?

இக்கதையை நௌவென் சொல்லும் அழகில் நாம் மயங்கிவிடுவதால், அடுத்த அடியைக் கவனியாமல் விடுகிறோம். மேசியா அவ்வாறு அமர்ந்திருப்பதுபோலவே அருட்பணியாளரும் என்று அவர் ஒரே தாவலில் கடந்து சென்றுவிடுகிறார். இத்தாவலே நூலின் பலவீனம் என்பது நம் கணிப்பு. காயங்களால் குணமாக்குபவர் ஒருவர் உண்டு என்று ஏசாயா 53ஐப் படிக்கும் சபை அறிக்கையிடுகிறது. அந்த ஒருவர் நாமல்ல. கதைக்குள் நமக்கு இடமில்லாமலும் இல்லை. வாயிலில் கூடியிருக்கும் மற்ற ஏழைகளாக, எல்லாக் கட்டுகளையும் ஒருசேர அவிழ்த்துப்போட்டுவிட்டு எழ இயலாமல் இருக்கும் அக்கூட்டமாக நாம் அங்கு இருக்கிறோம். மேசியா தம் புண்ணைத் தாமே கட்டிக்கொள்ளலாம். மற்றவர் ஒருவர் புண்ணை ஒருவர் கட்டிக்கொண்டால் என்ன? கதை அதனைச் சொல்லவில்லை. நௌவெனும் 1972இல் கேட்கவில்லை. அருட்பணியாளரின் தனிமையை அவர் நயமாக விவரிக்கிறார். அத்தனிமையோடு இசைந்து வாழவும், அதனைப் பிறருக்கு இடமளிக்கும் விருந்தோம்பலாக மாற்றவும் அழைக்கிறார். அருட்பணியாளருக்கு விருந்தளிப்பவர் யார் என்பது அந்நூலில் காணப்படவில்லை. நியாயமாக ஒன்று கூறவேண்டும்: தம் புண்களைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பதை நௌவென் வன்மையாகக் கண்டிக்கிறார். 'எனக்கும் இதே துன்பம்தான்' என்று சொல்லும் ஆயரால் எவருக்கும் பயனில்லை என்பது அவருடைய தெளிவான கருத்து. தலைப்பை மட்டும் எடுத்துச்சென்றவர்கள் இப்பகுதியைப் படிக்கவில்லை போலும்.

அன்டன் பாய்சனைச் சான்று காட்டி நம்மை மறுப்போர் இருக்கலாம். 1920இல் மனநோயுற்று, மாசசூசெட்ஸ் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 15 திங்கள் அடைபட்டிருந்து, 1924இல் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் சமயகுருவாக நுழைந்தவர் அவர். மறு ஆண்டே இறையியல் மாணவர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினார். நோயாளிகளை உயிருள்ள ஏடுகளாகப் படிக்கவேண்டும் என்ற அவர் போதனை, தாமே அவ்வாறு ஓர் ஏடாகக் கிடந்த நாட்களில் பிறந்தது. காயம் அங்கு ஆசிரியராக இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் 1930களில் அந்நோய் மீண்டும் வந்தது. வந்தபோது பாய்சன் தம் அனுபவத்தின் வலிமையால் சமாளிக்கவில்லை. மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்தார். 1960இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இவற்றை மறைக்காமல் எழுதியதே அவருடைய பெருமை. கற்பித்தது காயம் என்றால், காத்தது பிறர் கை.

நௌவெனுக்கும் அக்காலம் வந்தது. யேலையும் பின்னர் ஹார்வர்டையும் விட்டு, 1986இல் அவர் டொராண்டோவை அடுத்த லார்ஷ் டேபிரேக் இல்லத்தில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களோடு வாழச் சென்றார். அங்கு அவர் மனம் பெரிதும் சார்ந்திருந்த நட்பு ஒன்று முறிந்தது. 1987 டிசம்பர் முதல் 1988 ஜூன் வரை அவர் இல்லத்தைவிட்டு விலகி, இரு வழிகாட்டிகளின் பராமரிப்பில் இருந்தார். உலகெங்கும் வாசகர் அவருடைய நூல்களால் ஆறுதல் பெற்றுக்கொண்டிருந்தனர். அவரோ உறங்க இயலாமல் மணிக்கணக்காக அழுதுகொண்டிருந்தார். அந்நாட்களில் எழுதிய குறிப்புகளை எட்டாண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்து, நண்பர்கள் வற்புறுத்தியபின், 1996இல் 'தி இன்னர் வாய்ஸ் ஆஃப் லவ்' என்ற பெயரில் வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் காலமானார்.

இவ்விரண்டாம் நூல் நம் கல்லூரிகளில் முதல் நூலைப்போலப் பயிலப்படவில்லை. பயிலப்படவேண்டிய நூல் இதுவே என்பது நம் துணிபு. முழு நூலும் முன்னிலையில் அமைந்துள்ளது. இதைச் செய், அதை விடு, இங்கே நில் என்று நௌவென் தமக்குத் தாமே கட்டளையிட்டுக்கொள்கிறார். தமிழில் பெயர்ப்பவர் இங்கு ஒரு முடிவு செய்தாகவேண்டும்: நௌவென் நௌவெனை 'நீ' என்பாரா, 'நீர்' என்பாரா? 42ஆம் சங்கீதக்காரர் தம் ஆத்துமாவை ஒருமையில் அழைத்து வினவியதை நினைத்தால் 'நீ' என்பதே பொருந்தும். மேலோட்டமாகப் பார்த்தால் இது பிராய்டன்பர்கரின் ஒலிப்பதிவுக் கருவியைப் போன்றதே: ஆற்றுப்படுத்துபவரும் அவரே, ஆற்றுப்படுத்தப்படுபவரும் அவரே, பள்ளத்தில் விழுந்தும் ஆசிரியப் பழக்கம் போகவில்லை என்று தோன்றும். முன்னுரையைப் படித்தால் வேறுபாடு புலப்படும். வழிகாட்டிகளைச் சந்தித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கட்டளையை எழுதினார். ஆகவே அந்நூலில் பேசும் குரல் அவருக்குள்ளேயே ஊறியதன்று. மற்றவர் வாயிலிருந்து கடன் வாங்கிய குரல். 1972இல் தனிமையை வரமாக்கியவர், 1988இல் இருவர் தம்மைத் தனியே விடாததால் பிழைத்தார். தம் முதல் நூலை அவர் மறுத்து எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

இவ்விடத்தில் சூரிச் மருத்துவர் அடால்ஃப் குகன்பூல்-கிரெய்க் 1971இல் எழுதிய நூலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதவிசெய்யும் தொழில்களில் மறைந்திருக்கும் அதிகார ஆசையைப் பற்றியது அது. மருத்துவர், சமூகப் பணியாளரோடு குருமாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. குணமாக்குபவரும் நோயாளியும் ஒவ்வொருவருள்ளும் இருக்கின்றனர். தம்முள் இருக்கும் நோயாளியை மறந்தவர் நோயையெல்லாம் எதிரில் இருப்பவர்மேல் ஏற்றிவிட்டு, தாம் வெறும் குணமாக்குபவராகி, இறுதியில் ஆளுகிறவராகிவிடுகிறார். இதற்கு மருந்து மேலும் ஒரு பகுப்பாய்வு என்று பிராய்டைப்போல அவர் சொல்லவில்லை. தேர்ந்த பகுப்பாய்வாளர் அந்தக் கட்டிலிலும் சாமர்த்தியமாகத் தப்பிவிடுவார் என்பதை அவர் அறிவார். சமநிலையில் உள்ள நண்பர் வேண்டும் என்கிறார். அன்பு மாறாமல் எதிர்த்துப் பேசவும் குற்றம் காட்டவும் துணியும் நண்பர். நாம் படித்தவற்றுள் நடைமுறைக்கு மிக நெருங்கிய சொல் இது.

நெருங்கியதெனினும் நம்மிடையே எளிதானதன்று. ஆயருக்கு மேலே இருப்பவர் அவரை இடமாற்றம் செய்யும் அதிகாரமும் உடையவர். ஆகவே அவரிடம் உள்ளத்தைத் திறப்பது கடினம். பக்கத்துச் சேகரத்து ஆயர் நாளை மன்றத் தேர்தலில் எதிரணியில் நிற்கக்கூடும். சபையாரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறுக்குள் ஊரறியும். மனைவியிடம் சொல்லலாம், ஆனால் ஆயரின் மனைவி ஏற்கெனவே சபையின் பாதிப் பாரத்தைச் சம்பளமின்றிச் சுமந்துகொண்டிருப்பவர். மாஸ்லாக் கூறிய பீப்பாய் இதுதான். இதற்குள் இருந்துகொண்டு, தினமும் காலையில் அரைமணி நேரம் நடந்துவாரும் என்று ஆயருக்கு அறிவுரை கூறுவது எளிது. மேய்ப்புப்பணிப் பாடத்தில் மாணவர்கள் நோயாளியோடு நடத்திய உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிவந்து, உடன் மாணவர் நடுவே வாசித்துத் திறனாய்வுக்கு உட்படுகின்றனர். அந்த மூன்றாண்டுகளில் அவர்களுக்கு எதிர்த்துப் பேசும் நண்பர்கள் இருக்கின்றனர். குருப்பட்டம் பெற்ற நாளோடு அது நின்றுபோகிறது. ஏன் நிற்கவேண்டும்? ஒரு வட்டாரத்தில் நால்வரோ ஐவரோ, பேராயத்தின் பதிவேடுகளுக்குள் வராமல், திங்களுக்கு ஒருமுறை கூடி அதே பழக்கத்தைத் தொடர்வதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலம் தம் வயதையொத்த மருத்துவர்களோடு, தலைவரென்று எவருமில்லாத இத்தகைய குழுவொன்றில் பல ஆண்டுகள் பங்கேற்றவர். 2002இல் எழுதிய நூலில் இளம் மருத்துவருக்கும் அதனையே பரிந்துரைக்கிறார்.

யாலமின் பெயர் வந்ததால், ரோலோ மேயைப் பற்றித் தொடக்கத்தில் கூறியதை முடித்துவிடலாம். மே காசநோயுற்று நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் ஏரிக்கரையில் உள்ள காசநோய் விடுதியில் சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர். அச்சத்தைப் பற்றி 1950இல் அவர் வெளியிட்ட பெருநூலில் அந்நாட்களின் சாயல் உண்டு. பல ஆண்டுகளுக்குப்பின், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தவர்களோடு பணியாற்றிய யாலமைச் சாவின் அச்சம் பிடித்துக்கொண்டபோது, அவர் தேடிச் சென்றது இந்த மேயை. நெடுந்தொலைவு காரோட்டிச் சென்று, சில ஆண்டுகள் அவர்முன் நோயாளியாக அமர்ந்தார். அந்த உரையாடல்கள் தமக்கே சாவின் அச்சத்தைக் கிளறிவிட்டன என்பதை மே பின்னாளில், இருவரும் நண்பர்களானபின், யாலமிடம் தெரிவித்தார். 1994 அக்டோபரில் மே மரணப்படுக்கையில் இருந்தபோது யாலம் அருகிலிருந்தார். மூச்சு நின்றபின், மேயின் மனைவியோடு சேர்ந்து அவருடைய உடலைக் குளிப்பாட்டினார்.